கடன் கொடுத்த ஓட்டு



2005ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் ஒரே ஒரு தொகுதிக்கு மட்டும் தேர்தல் நடந்தது. மற்ற இடங்களிலெல்லாம் இரண்டு வாரத்துக்கு முன்பே ஓட்டுப்பதிவு முடிந்துவிட்டது. இங்கே வேட்பாளர் ஒருவர் இறந்துபோனதால் தேதி தள்ளிப்போயிருந்தது. நாட்டின் முடிவு அதற்குள் எல்லோருக்கும் தெரியும். அங்கெலா மெர்க்கலின் அணிக்கு 225 இடங்கள், கெர்ஹார்டு ஷ்ரோடரின் சமூக ஜனநாயகக் கட்சிக்கு 222. நான்தான் சான்சலர் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மெர்க்கல் கட்சிக்காரர்கள் டிரெஸ்டனில் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு ஓட்டுகூட விடாமல் திரட்டியிருக்க வேண்டும் அல்லவா?

செய்யவில்லை. தங்கள் கட்சிக்கு ஓட்டு அதிகமாக விழுந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டார்கள். காரணம் இருந்தது. அந்தத் தொகுதியில் மெர்க்கலின் கிறித்துவ ஜனநாயகக் கட்சிக்குச் சுமார் 41 ஆயிரம் கட்சி ஓட்டுக்கு மேல் விழுந்தால், நாடாளுமன்றத்தில் அக்கட்சிக்கு ஓர் இடம் குறையும். கணக்குத் தெரிந்தவர்கள் இதை முன்கூட்டியே போட்டுப் பார்த்துப் பத்திரிகைகளில் எழுதிவிட்டார்கள். டிரெஸ்டன் வாக்காளர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். மெர்க்கல் கட்சி வேட்பாளர் 37 சதவீதம் வாங்கித் தொகுதியை வென்றார். ஆனால் அதே வாக்குச்சீட்டில், அதே கட்சிக்கு விழுந்த கட்சி ஓட்டு 24 சதவீதம்தான். வழக்கமாகச் சிறிய கட்சியாக இருக்கும் சுதந்திர ஜனநாயகக் கட்சிக்கு ஏறத்தாழ 17 சதவீதம் விழுந்திருந்தது. மெர்க்கல் கட்சியின் கட்சி ஓட்டு 38 ஆயிரத்தைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. இடம் பறிபோகவில்லை, 225 என்பது 226 ஆனது.

ஓட்டு கூடினால் இடம் எப்படிக் குறையும் என்று நீங்கள் கேட்பீர்கள். ஜெர்மன் வாக்குச்சீட்டில் இரண்டு ஓட்டு உண்டு. முதல் ஓட்டு தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாவது கட்சிக்கு. நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதை இரண்டாவது ஓட்டுதான் தீர்மானிக்கிறது. ஒரு மாநிலத்தில் தன் விகிதத்துக்கு மேலாகவே தொகுதிகளை வென்றுவிட்ட கட்சி அந்தக் கூடுதல் இடங்களை அந்நாளில் வைத்துக்கொள்ளலாம். டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் மெர்க்கல் கட்சி அப்படித்தான் இருந்தது. இந்த நிலையில் சாக்சனியில் கட்சி ஓட்டு கூடினால், வேறொரு மாநிலத்துப் பட்டியலிலிருந்து ஓர் இடம் கணக்கில் சாக்சனிக்கு மாறும். சாக்சனியில் ஏற்கெனவே கூடுதல் இடம் இருப்பதால் புதிதாக ஒன்றும் கிடைக்காது. அந்த வேறு மாநிலத்திலிருந்து கழிந்தது மட்டும் கழிந்ததுதான். 2008 ஜூலையில் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் இந்த விபரீதத்தை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று சொல்லி, சட்டத்தைத் திருத்தச் சொன்னது. அதற்குப் பிறகு அந்தச் சட்டத்தைத் திருத்தித் திருத்தி அவர்கள் பட்ட பாடு தனிக்கதை.

டிரெஸ்டன் ஒரு விசித்திரம்தான். ஆனால் அன்றைய வாக்காளர்கள் அதை அன்றே கற்றுக்கொண்டு செய்துவிடவில்லை. பிடித்த கட்சி ஒன்றாக இருக்க, ஓட்டை இன்னொன்றுக்குப் போடும் பழக்கம் அங்கே அரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. அதற்குக் ‘கடன் ஓட்டு’ என்றே பெயர். கூட்டணி ஆட்சி நடக்கும் நாடுகளில் வாக்காளர் ஏன் இப்படிக் கணக்குப் பார்க்கிறார், எப்போது அந்தக் கணக்கு பலிக்கிறது, எப்போது அவர் தலையிலேயே விழுகிறது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. நாம் பழகியிருப்பது வேறு தேர்தல். தொகுதியில் முதலாவதாக வருகிறவர் ஜெயித்தவர், மற்றவர்கள் தோற்றவர்கள். தமிழ்நாட்டில் கூட்டணி என்பது ஓட்டுக்கு முன்னால், தொகுதிப் பங்கீட்டுப் பேச்சிலேயே முடிந்துவிடும். எந்தச் சின்னத்துக்குப் போட்டால் எந்த அணிக்குப் போகும் என்பது அங்கேயே தீர்ந்துவிடுகிறது. வாக்காளருக்காகத் தலைவர்களே கணக்குப் போட்டு வைத்துவிடுகிறார்கள். ஆட்சி அமைக்கும்போதும் பெரும்பாலும் ஒரே கட்சிதான். 2006இல் 234 இடங்களில் 96 மட்டுமே வைத்திருந்த திமுக, காங்கிரஸை மந்திரிசபையில் சேர்க்காமலே ஐந்து வருடம் ஆண்டது. ஆகவே, ‘ஓட்டைப் பிரிக்கிறான்’, ‘உன் ஓட்டு வீணாகிவிடும்’ என்ற பேச்சுகள் நமக்கு அத்துப்படி. முதலிடம் யாருக்கு என்ற ஒரே கேள்வியிலிருந்து பிறந்த பேச்சுகள் அவை. இந்தக் கேள்வியோடு ஜெர்மனிக்குப் போனால் ஏமாந்துபோவோம்.

அங்கே விகிதாசாரம். எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைப்பது அபூர்வம். மேற்கு ஜெர்மனியின் வரலாற்றில் அது நடந்தது ஒரே தடவை, 1957இல் சான்சலர் அடனாவர் காலத்தில். அதனால் ஆட்சி என்பது ஒரு கூட்டல் கணக்கு. அதோடு ஒரு வேலியும் உண்டு: கட்சி ஓட்டில் 5 சதவீதம் வாங்காத கட்சிக்கு இடமே இல்லை. மூன்று தொகுதிகளை வென்றால் விலக்கு உண்டு, அதை இப்போது விடுங்கள். 5.0 வாங்கினால் முப்பது சொச்சம் உறுப்பினர்கள். 4.9 வாங்கினால் பூஜ்யம். நமக்குப் பிடித்த பெரிய கட்சிக்குக் கூட்டாளியாக வரவேண்டிய சின்னக் கட்சி 4.8இல் நின்றால், நம் கட்சி முதலிடத்தில் வந்தும் எதிர்க்கட்சியாக உட்கார நேரும்.

இது தெரிந்தவர் என்ன செய்வார்? 1972ஐப் பாருங்கள். வில்லி பிராண்டின் சமூக ஜனநாயகக் கட்சியும் சுதந்திர ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து ஆண்டுகொண்டிருந்தன. அந்தத் தேர்தலில் பிராண்டின் கட்சிக்கு முதல் ஓட்டில் 48.9 சதவீதம், இரண்டாம் ஓட்டில் 45.8. கூட்டாளிக் கட்சிக்கு முதல் ஓட்டில் 4.8, இரண்டாம் ஓட்டில் 8.4. பெரிய கட்சியில் குறைந்ததும் சின்னக் கட்சியில் கூடியதும் ஏறக்குறைய ஒரே அளவு. 1982இல் அதே சின்னக் கட்சி அணி மாறி, கிறித்துவ ஜனநாயகக் கட்சியின் ஹெல்முட் கோலைச் சான்சலர் ஆக்கியது. துரோகி என்று ஊரே ஏசியது. ஹெஸ்ஸன் மாநிலத் தேர்தலில் 3.1 சதவீதத்துக்குச் சரிந்து வெளியே போனது. ஆறு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, 1983 மார்ச்சில் நாடாளுமன்றத் தேர்தல். முதல் ஓட்டு 2.8, இரண்டாம் ஓட்டு 7.0. அந்தக் கட்சிக்கு நாலு சதவீதத்துக்கு மேல் வேறு வீட்டிலிருந்து வந்திருந்தது. இந்த முறை கடன் கொடுத்தவர்கள் கோலின் ஆட்கள்.

அந்தோணி டவுன்ஸ் 1957இல் எழுதிய புத்தகம் ஒன்று தேர்தல் ஆய்வில் பலருக்கும் ஆரம்பப் பாடம். அதில் அவர் இதைக் கவலையோடுதான் பார்த்தார். கூட்டணி நாட்டில் புத்திசாலித்தனமாக ஓட்டுப் போட வேண்டுமானால், மற்ற வாக்காளர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிய வேண்டும். அதற்குப் பிறகு எந்தக் கட்சி எந்தக் கட்சியோடு சேரும் என்றும் தெரிய வேண்டும். சேர்ந்தபின் எதை விட்டுக்கொடுக்கும் என்றும் தெரிய வேண்டும். சாதாரண மனிதருக்கு இது மலைப்பு. அதனால் மனதுக்குப் பிடித்ததற்குப் போட்டுவிட்டுப் போவதே நடக்கும் என்று அவர் நினைத்தார். அவர் ஜெர்மன் வாக்காளரைக் கொஞ்சம் குறைத்து எடைபோட்டுவிட்டார் என்பது என் கருத்து.

இப்படி மாற்றிப்போடுவது நேர்மையா என்று கேட்பவர்கள் உண்டு. 1973இல் ஆலன் கிபார்டு, 1975இல் மார்க் சாட்டர்த்வைட் இருவரும் தனித்தனியாக ஒன்றை நிரூபித்தார்கள். மூன்றோ அதற்கு மேலோ தேர்வுகள் இருந்து, ஒரே ஆளின் விருப்பமே முடிவாகிவிடாத எந்தத் தேர்தல் முறையிலும், உண்மை விருப்பத்தை மாற்றிச் சொல்வதால் லாபம் கிடைக்கும் நிலை ஒன்று கட்டாயம் வரும். அதற்கு இடமே கொடுக்காத முறை கிடையாது. ஆகவே வாக்காளரின் ஒழுக்கத்தைப் பற்றிய வாதத்தை நான் அதிகம் நீட்ட விரும்பவில்லை. கணக்கைப் பார்ப்போம்.

2013 ஜனவரி, லோயர் சாக்சனி மாநிலம். சுதந்திர ஜனநாயகக் கட்சி 5 சதவீதத்தை ஒட்டி ஊசலாடுவதாகக் கருத்துக்கணிப்புகள் சொல்லிக்கொண்டிருந்தன. அங்கே ஆட்சியில் இருந்த மெர்க்கல் கட்சிக்காரர்கள் பதறிப்போய்க் கடன் கொடுத்தார்கள், அதுவும் ஒரு லட்சம் பேர் அளவில். சின்னக் கட்சி 9.9 சதவீதம் வாங்கியது. பெரிய கட்சி 42.5இலிருந்து 36க்கு இறங்கியது. எதிரணி 69 இடம், இவர்கள் அணி 68. ஒரே ஓர் இடத்தில் ஆட்சி போயிற்று.

கடன் கொடுத்ததால்தான் ஆட்சி போயிற்று என்று அன்று கட்சிக்குள் ஒரே கூச்சல். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. விகிதாசாரத்தில், வேலியைத் தாண்டிய பிறகு, ஓட்டு பெரிய கட்சிக்குப் போனாலும் கூட்டாளிக்குப் போனாலும் அணியின் கூட்டுத்தொகை மாறாது. அந்த அணி தோற்றது 45.9க்கு எதிராக 46.3 என்ற வித்தியாசத்தில். மிகுதியாகக் கொடுத்த கடன் ஆட்சியைக் கெடுக்கவில்லை. கொடுத்த கட்சியின் உறுப்பினர் எண்ணிக்கையைக் குறைத்தது, அவ்வளவுதான். ஆனால் பதவி இழந்த உறுப்பினர்களுக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தருமா? அந்தக் கோபம் டெல்லிக்கு, மன்னிக்கவும், பெர்லினுக்குப் போய்ச் சேர்ந்தது.

எட்டு மாதம் கழித்து நாடாளுமன்றத் தேர்தல். கடன் கிடையாது என்று மெர்க்கல் கட்சி கறாராகச் சொல்லிவிட்டது. இரண்டாம் ஓட்டும் மெர்க்கலுக்கே என்று பிரச்சாரம் செய்தார்கள். ஒரு வாரம் முன்னதாக பவேரியா மாநிலத் தேர்தலில் 3.3 சதவீதம் வாங்கித் தோற்றிருந்த சுதந்திர ஜனநாயகக் கட்சி கடைசி நாட்களில் கெஞ்சாத குறைதான். முடிவு: மெர்க்கல் அணிக்கு 41.5 சதவீதம், 311 இடங்கள். அபாரமான வெற்றி. பெரும்பான்மைக்குத் தேவை 316. பழைய கூட்டாளி 4.8 சதவீதத்தில், 1949இலிருந்து முதன்முறையாக, நாடாளுமன்றத்துக்கு வெளியே. ஒரு லட்சத்துச் சொச்சம் ஓட்டுதான் குறைவு. அந்த ஓட்டை மெர்க்கலின் ஆட்கள் கொடுத்திருந்தால் அவர்கள் அணிக்குச் சுகமான பெரும்பான்மை இருந்திருக்கும். கொடுக்காததால் எதிரிக் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியோடு சேர வேண்டியதாயிற்று. அந்தக் கட்சி வைத்த முக்கிய நிபந்தனை நாடு முழுவதற்கும் குறைந்தபட்சக் கூலி. 2015 ஜனவரி 1 முதல் ஜெர்மனியில் மணிக்கு 8.50 யூரோ சட்டமானது. பழைய கூட்டாளி உள்ளே இருந்திருந்தால் அதை இந்த வடிவத்தில் விட்டிருக்காது. ஒரு முடி திருத்தும் கடை ஊழியரின் சம்பளம், எங்கோ வசதியான வாக்காளர் ஒருவர் தன் இரண்டாம் ஓட்டைக் கடன் கொடுக்காமல் வைத்துக்கொண்டதால் உயர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் 5 சதவீத வேலியைப் பற்றியது. வேலியே பிரச்சினையாக இல்லாத வாக்காளரும் கணக்குப் பார்க்கிறார் என்று இஸ்ரேலிய ஆய்வாளர் ஒரிட் கெடார் 2005இல் காட்டினார். தன் கருத்து நடுவில் இருக்க, சற்றுத் தீவிரமான கட்சிக்கு ஒருவர் ஓட்டுப் போடுவது ஏன்? கூட்டணியில் சேர்ந்தபின் எந்தக் கட்சியின் கொள்கையும் நீர்த்துப்போகும் என்று அவருக்குத் தெரியும். பின்னால் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று தெரிந்தவர் மோரைக் கெட்டியாகக் கரைப்பது போல. இந்தப் பார்வை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு கட்சி பெற்ற ஓட்டை வைத்து அதன் ஆதரவாளர்கள் எல்லோரும் தீவிரவாதிகள் என்று தேர்தல் இரவுகளில் தொலைக்காட்சியில் முடிவு கட்டுபவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

இனி, எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் தேர்தலுக்கு வருகிறேன். 2024 செப்டம்பர் 22, பெர்லினைச் சுற்றியிருக்கும் பிராண்டன்பர்க் மாநிலம். முதல்வர் டீட்மார் வோய்ட்கே, சமூக ஜனநாயகக் கட்சி. அவருடைய கட்சி, மெர்க்கலின் கட்சி, பசுமைக் கட்சி மூன்றும் சேர்ந்து ஆண்டுகொண்டிருந்தன. தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி கருத்துக்கணிப்புகளில் முன்னால் நின்றது. ஏஎஃப்டி முதலிடம் பிடித்தால் நான் பதவியில் இருக்க மாட்டேன் என்று வோய்ட்கே அறிவித்தார். மாநிலமே ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கிவிட்டது: முதலிடம் யாருக்கு?

பசுமைக் கட்சிக்காரர்களும் இடதுசாரிகளும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வோய்ட்கேவுக்குப் போட்டார்கள். பலித்தது. அவர் கட்சி 30.9, ஏஎஃப்டி 29.2. கொண்டாட்டம். பிறகு இடங்களை எண்ணினார்கள். பசுமைக் கட்சி 4.1 சதவீதம், வெளியே. இடதுசாரிக் கட்சி 3.0, வெளியே. 88 இடங்களில் வோய்ட்கே கட்சிக்கு 32, மெர்க்கலின் கட்சிக்கு 12. சேர்த்தால் 44, சரியாகப் பாதி. ஆட்சிக்கு ஓர் இடம் குறைவு. ஏஎஃப்டிக்கு 30, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படும் எந்த முடிவையும் அந்தக் கட்சி தனியாகவே தடுக்கலாம். முந்தைய தேர்தலில் இல்லவே இல்லாத பிஎஸ்டபிள்யூ என்ற புதுக் கட்சியின் 14 இடங்களோடு சேர்ந்துதான் வோய்ட்கே டிசம்பரில் ஆட்சி அமைக்க முடிந்தது. அதிலும் முதல் சுற்றில் தேர்வாகாமல் இரண்டாம் சுற்றில்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வோய்ட்கே கட்சிக்கு விழுந்ததில் 0.9 சதவீதத்தை மட்டும் பசுமைக் கட்சிக்கு மாற்றுங்கள். பதின்மூன்று, பதினான்காயிரம் பேர் இருப்பார்கள். வோய்ட்கே 30.0, ஏஎஃப்டி 29.2. முதலிடம் அப்போதும் அவருக்கே. பசுமைக் கட்சி 5.0, உள்ளே. 88 இடங்களை அந்த விகிதத்தில் பிரித்தால் வோய்ட்கே 29, மெர்க்கலின் கட்சி 12, பசுமை 5, மொத்தம் 46. பழைய ஆட்சி அப்படியே தொடர்ந்திருக்கும். ஏஎஃப்டிக்கு 29, தடுக்கும் பலம் கிடைத்திருக்காது. எந்தக் கட்சியைத் தடுக்க அந்தப் பசுமை வாக்காளர்கள் தங்கள் ஓட்டைக் கொடுத்தார்களோ, அந்தக் கட்சிக்கே அந்த ஓட்டு பலம் சேர்த்திருக்கிறது. கூட்டணி நாட்டில் முதலிடத்துக்குப் பரிசு கிடையாது. பரிசு கூட்டுத்தொகைக்குத்தான். ஐம்பது வருடம் கடன் ஓட்டைப் பழகிய மக்கள், பயம் வந்ததும் நம் ஊர்க் கேள்வியைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

இஸ்ரேலில் இதே தவறு இன்னும் பெரிய விலைக்கு நடந்தது. அங்கே வேலி 3.25 சதவீதம். 2022 நவம்பர் தேர்தலில் இடதுசாரி மெரெட்ஸ் கட்சி 3.16 வாங்கி வெளியே போனது; அரபுக் கட்சியான பலாத் 2.9. சேர்ந்து போட்டியிடலாம் என்ற மெரெட்ஸின் யோசனையைத் தொழிற்கட்சி ஏற்கவில்லை. அன்றைய பிரதமர் லாபிட் தன் கட்சியைப் பெரிதாக்குவதில் குறியாக இருந்தார். 24 இடமும் பெற்றார். நெதன்யாகுவை ஆதரித்த தரப்பும் எதிர்த்த தரப்பும் வாங்கிய மொத்த ஓட்டு ஏறக்குறையச் சமம். நெதன்யாகு அணிக்கு 120இல் 64 இடம். நியூசிலாந்தின் தமாஷ் வேறு மாதிரி. அங்கே 5 சதவீதம் இல்லாவிட்டாலும் ஒரு தொகுதியை வென்றால் போதும். 2008இல் 4.07 சதவீதம் வாங்கிய கட்சிக்கு ஒன்றும் இல்லை, 3.65 வாங்கிய ஆக்ட் கட்சிக்கு எப்சம் தொகுதியை வென்றதால் ஐந்து இடம். 2011இல் பிரதமர் ஜான் கீ, அந்தத் தொகுதியின் ஆக்ட் வேட்பாளரோடு ஒரு காபிக்கடையில் பத்திரிகையாளர்கள் சூழ உட்கார்ந்து தேநீர் குடித்தார். யாருக்குப் போடு என்று அவர் வாயால் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பிராண்டன்பர்க் வாக்காளரைக் குறை சொல்வது சுலபம். அவர் கையில் இருந்த தகவல் என்ன? கருத்துக்கணிப்பு எவ்வளவு நன்றாக எடுத்தாலும் இரண்டு மூன்று சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ஒரு பெரிய கட்சிக்கு 31 வருமா 29 வருமா என்பதில் அது பெரிய தொல்லை இல்லை. 4.8க்கும் 5.2க்கும் நடுவில் எல்லாமே அதுதான். வாக்காளருக்கு எந்த இடத்தில் துல்லியம் வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில் கருத்துக்கணிப்பு கையை விரித்துவிடுகிறது. இதோடு தபால் ஓட்டு வேறு. வாக்களித்த ஜெர்மானியரில் 2021இல் 47 சதவீதம் பேர், 2025இல் 37 சதவீதம் பேர் தபாலில் ஓட்டுப் போட்டார்கள். கடைசி வாரக் கணிப்பு வருவதற்குள் அவர்களில் பலருடைய உறை தபால்பெட்டிக்குள் போய்விட்டிருக்கும். கடன் கொடுக்க ஆசை இருந்தாலும் யாருக்கு எவ்வளவு தேவை என்று தெரியாது. எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்றும் தெரியாது. நிறையப் பேர் கொடுத்தால் 2013 ஜனவரி. யாரும் கொடுக்காவிட்டால் 2013 செப்டம்பர்.

2025 பிப்ரவரி நாடாளுமன்றத் தேர்தலில் அதே பிஎஸ்டபிள்யூ கட்சி 4.98 சதவீதத்தில் நின்றது. சுமார் 9,500 ஓட்டு குறைவு. அது உள்ளே வந்திருந்தால், மெர்க்கல் கட்சியின் ஃபிரிட்ரிஷ் மெர்ஸ் சமூக ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து அமைத்த ஆட்சிக்குப் பெரும்பான்மையே இருந்திருக்காது. இப்போது 630இல் 328. சுதந்திர ஜனநாயகக் கட்சி 4.3 வாங்கி வெளியே போனது. இந்த இரண்டு கட்சிகளுக்கு மட்டும் விழுந்து காற்றில் போனது ஒன்பது சதவீதத்துக்கு மேல்.

இதற்கு மருந்து ஒன்று ஜெர்மன் சட்ட அறிஞர்களிடையே பல வருடமாகப் பேசப்படுகிறது. வாக்குச்சீட்டில் ஒரு மாற்று ஓட்டுக்கு இடம் கொடுப்பது. என் கட்சி இது. இது வேலியைத் தாண்டாவிட்டால் என் ஓட்டு அந்தக் கட்சிக்குப் போகட்டும் என்று வாக்காளரே எழுதிவிடலாம். ஒருவருக்கு மேல் விருப்பம் குறிப்பது நமக்கு அந்நியம் அல்ல. இலங்கை ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் இரண்டாம், மூன்றாம் விருப்பத்துக்கு ஆரம்பத்திலிருந்தே இடம் உண்டு, 2024இல் முதன்முறையாக அவற்றை எண்ணவும் வேண்டியதாயிற்று. பிராண்டன்பர்க்கின் பசுமை வாக்காளருக்கு இப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால், பசுமைக்கு ஒன்று, வோய்ட்கேவுக்கு இரண்டு என்று போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். எண்ணுவது கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஜெர்மானியர்கள் எண்ணத் தெரியாதவர்கள் அல்லர்.

பெரிய கட்சிகள் இதை விரும்பி முன்னெடுக்கும் என்று நான் நம்பவில்லை. சின்னக் கட்சிக்குப் போட்டால் வீண் என்ற பயம்தான் கடைசி வாரத்தில் அவர்களுக்கு ஓட்டு சேர்த்துக் கொடுக்கிறது. 2025 பிரச்சாரத்தில் மெர்ஸ் அந்தப் பயத்தை ஒளித்துக்கூட வைக்கவில்லை. தன் கட்சியின் நெடுநாள் கூட்டாளியான சுதந்திர ஜனநாயகக் கட்சியின் ஆதரவாளர்களைப் பார்த்து, அங்கே போடுவது விரயம், எங்களுக்கே போடுங்கள் என்று நேராகவே கேட்டார்.

உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.